அண்ணன் தம்பி பாசம் ஸ்கோர்போர்டில் ஏறுமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர்கள் சேர்ந்து அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. ஆட்டங்களை முன்கூட்டியே கணிக்கிறார்களாம், தோற்றவர் டீ செலவு. அதில் ஒரு நண்பர் மட்டும் எப்போதும் ஆட்டக்காரர்களின் வீட்டுச் செய்தியை வைத்தே கணிக்கிறாராம். குழந்தை பிறந்திருக்கிறது, இன்று பின்னி எடுப்பார். தம்பிதான் எதிரே நிற்கிறான், அவனுக்கு அண்ணன் ஆட்டம் அத்துப்படி. அப்பா வந்திருக்கிறார், ரோஷமாக ஆடுவார். இதெல்லாம் எவ்வளவு தூரம் உண்மை, வரப்போகிற ஆட்டங்களுக்குக் குடும்பத்தையும் கணக்கில் சேர்க்கலாமா என்பது கேள்வி. ஓக்லஹோமாவின் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் நிகீல் அலெக்சாண்டர்-வாக்கரும் மோதினால் யார் பக்கம் என்றும் கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் நண்பர் நிறைய டீ வாங்கித் தர வேண்டியிருக்கும். ஒருவர் ஏன் இப்படி ஆடுகிறார் என்று கேட்டால் வீட்டைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. ஆனால் நாளைக் காலையில் யார் ஜெயிப்பார் என்று கேட்டால், யார் யாரைக் காவல் காக்கப் போகிறார், யார் முந்தின ராத்திரி வேறு ஊரில் ஆடிவிட்டு விமானம் ஏறி வந்திருக்கிறார், இதுதான் கணக்கு. குடும்பம் இந்தக் கணக்குக்குள் நேராக நுழைய ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

குழந்தை ராசிக்கு எல்லாரும் எடுத்து நீட்டுவது டொராண்டோவின் ஃப்ரெட் வான்வ்லீட் கதை. 2019 கிழக்குப் பிரிவு இறுதி, டொராண்டோவுக்கும் மில்வாக்கிக்கும், முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்குத் தொடர். மூன்றாவது ஆட்டத்தில் வான்வ்லீட் 11 ஷாட் போட்டு ஒன்றைத்தான் உள்ளே தள்ளினார், பார்க்கவே பாவமாக இருந்தது. மறுநாள் அவருக்கு மகன் பிறந்தான். அடுத்த மூன்று ஆட்டத்தில் த்ரீ பாயிண்டர், அதாவது தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட், மட்டும் 17 போட்டு 14 உள்ளே! கதை என்றால் இதுதான் கதை, நானும் அன்றைக்கு சத்தம் போட்டுக் கத்தியவன்தான். ஆனால் தொடர் திரும்பிய இடம் எது? முதல் இரண்டு ஆட்டமும் மில்வாக்கி ஜெயித்திருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் டொராண்டோ கோச் காவாய் லெனர்டை நேராக மில்வாக்கியின் நட்சத்திரம் யானிஸ் ஆண்டெட்டோகௌன்போவைக் காவல் காக்கப் போட்டார். யானிஸால் பழையபடி ரிங்கை நோக்கிப் பாய முடியவில்லை, இரண்டு ஓவர்டைம் போய் டொராண்டோ ஜெயித்தது, அதன் பிறகு மில்வாக்கி ஒரு ஆட்டம்கூட எடுக்கவில்லை. அந்த மூன்றாவது ஆட்டம் முடிந்தபோது குழந்தை இன்னும் பிறக்கவே இல்லை. வான்வ்லீடின் த்ரீ எல்லாம் நல்ல த்ரீதான், ஆனால் கதவைத் திறந்தது காவாய்.

அடுத்தது சகோதரர்கள் மோதும் ஆட்டம். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது. ஸ்டெஃபன் கரிக்குத் தம்பி செத் கரி, இருவரும் டெல் கரி பிள்ளைகள், டெல்லும் என்.பி.ஏ.வில் ஆடியவர். 2019 மேற்குப் பிரிவு இறுதியில் அண்ணன் கோல்டன் ஸ்டேட், தம்பி போர்ட்லாந்து. அம்மாவும் அப்பாவும் இரண்டு அணி ஜெர்சியையும் பாதிப் பாதி வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், யார் எந்தப் பையன் பக்கம் என்று காசு சுண்டிப் பார்த்தார்களாம். அண்ணனின் ஒவ்வொரு அசைவும் தம்பிக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து வீட்டு முற்றத்தில் ஒன்றாக ஆடியவர்கள். இரண்டாவது ஆட்டத்தில் அது தெரியவும் செய்தது. செத் 4 தடவை எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தார், 16 புள்ளி, முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது போர்ட்லாந்தை முன்னே கொண்டுபோன த்ரீயும் அவருடையதுதான். அந்த ஆட்டத்தையும் கோல்டன் ஸ்டேட்தான் ஜெயித்தது. தொடர் முடிந்தபோது 4-0, ஸ்டெஃபன் சராசரி 36.5 புள்ளி. கெவின் டுராண்ட் காயத்தில் வெளியே இருந்த தொடர் அது, என்பதால் பந்து முழுக்க ஸ்டெஃபன் கையில். தம்பிக்குத் தெரிந்த விஷயம் எல்லாம் சரி, ஆனால் வழிமறித்து நிற்கிற எதிரணி ஆளை (ஸ்க்ரீன் என்பார்கள்) தாண்டி அண்ணனுக்கு முன்னால் போய் நிற்கக் காலில் வேகம் வேண்டாமா? கையகல இடம் கிடைத்தால் போட்டுவிடுகிற ஆளைத் தெரிந்து வைத்து என்ன பண்ணுவது.

இதே செத் கரி கல்யாணம் செய்தது கோச் டாக் ரிவர்ஸ் மகளை. அப்புறம் ஃபிலடெல்ஃபியாவில் மாமனார் கோச், மருமகன் ஆட்டக்காரர். நம் பக்கம் இது நடந்திருந்தால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், மாப்பிள்ளையை உட்கார வைத்தாலும் பேச்சு, ஆட விட்டாலும் பேச்சு. செத் அங்கே ரொம்ப நன்றாக ஆடினார், 2021 பிளே-ஆஃபில் (சீசன் முடிந்து பட்டத்துக்கு நடக்கும் ஆட்டங்கள்) அவர்தான் அணியின் நம்பிக்கையான ஷூட்டர். காரணம் மாமனார் பாசம் இல்லை. ஜோயல் எம்பீட் உள்ளே பந்து வாங்கினால் இரண்டு பேர் ஓடுவார்கள், வெளியே செத் தனியாக நிற்பார், அவ்வளவுதான். 2022 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஹார்டன் கிடைக்கிறார் என்றதும் அணி மாப்பிள்ளையை ப்ரூக்ளினுக்கு அனுப்பிவிட்டது. இதற்கு முன்னால் டாக் தன் சொந்த மகன் ஆஸ்டினையே கிளிப்பர்ஸில் கோச் செய்தவர், 2015-இல், அப்பாவிடம் என்.பி.ஏ.வில் ஆடிய முதல் மகன் ஆஸ்டின்தான். இந்த வீட்டு உறவுமுறையை எழுதி வைத்தால்தான் நினைவில் நிற்கும்.

ஸ்பெயின் கஸோல் சகோதரர்கள் கதை இன்னும் வேடிக்கை. 2008-இல் மெம்ஃபிஸ் அண்ணன் பாவை லேக்கர்ஸுக்குக் கொடுத்தது, பதிலுக்கு வாங்கியதில் தம்பி மார்க்கின் ஆட்ட உரிமையும் ஒன்று. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற மாதிரி அண்ணனைக் கொடுத்துத் தம்பியை எடுத்தார்கள். அன்றைக்கு மெம்ஃபிஸைத் திட்டாத ஆள் இல்லை. பாவ் 2009, 2010 என்று இரண்டு பட்டம் எடுத்தார், மார்க் 2019-இல் டொராண்டோவில் ஒன்று, 2015 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் (லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் காட்சி ஆட்டம்) இருவரும் எதிரெதிர் அணியில் முதல் ஐவரில் வந்து, ஆட்டம் தொடங்க மேலே வீசும் பந்துக்குக் குதிக்க நின்றார்கள். பாசமாகப் பார்க்க வேண்டிய காட்சி, கணிக்க அதில் ஒன்றும் இல்லை.

வீட்டுச் சண்டையை எதிர்பார்த்து ஊரே காத்திருந்த ஆட்டம் ஒன்று உண்டு. 2021 நவம்பரில் டென்வரின் நிகோலா யோகிச் மியாமியின் மார்கீஃப் மாரிஸைப் பின்னாலிருந்து தள்ளிவிட, ஒரு ஆட்டம் தடை வாங்கினார். மார்கீஃபின் இரட்டைச் சகோதரர் மார்கஸ் ட்விட்டரில் சீற, யோகிச்சின் அண்ணன்கள் இருவரும் (பார்த்தாலே ஒதுங்கிப் போகத் தோன்றும் ஆட்கள்) பதில் சொல்வதற்கென்றே புதுக் கணக்கு தொடங்கினார்கள். அந்த மாதக் கடைசியில் டென்வர் மியாமிக்குப் போனது, அண்ணன்கள் டிக்கெட் எடுத்து வந்து உட்கார்ந்தார்கள். என்ன நடந்தது? மார்கீஃப் காயத்தால் ஆடவே இல்லை. டென்வர் ஜெயித்துவிட்டு ஊர் திரும்பியது. இப்படித்தான் பெரும்பாலும் முடியும்.

இண்டியானாவின் டைரிஸ் ஹாலிபர்ட்டன் அப்பா விஷயத்தையும் உங்கள் நண்பர் சொல்வார். 2025 முதல் சுற்றில் இண்டியானா மில்வாக்கியை வெளியேற்றிய ஆட்டத்தில் அப்பா கோர்ட்டுக்குள் இறங்கி, மகன் படம் போட்ட துண்டை யானிஸ் முகத்துக்கு நேரே காட்டிவிட்டார். பிறகு மன்னிப்பும் கேட்டார், கொஞ்ச நாள் ஆட்டத்துக்கு வராமல் இருந்தார். கிழக்கு இறுதியின் நான்காவது ஆட்டத்தில் திரும்ப வந்தார், அன்றைக்கு மகன் 32 புள்ளி, 15 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்), 12 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), பந்தை ஒரு தடவைகூடப் பறிகொடுக்கவில்லை. பார்த்தீர்களா அப்பா ராசி என்பார்கள். சரி, அப்பா வராத நாள்களில்தானே கிளீவ்லாந்தில் கடைசி நொடியில் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்த ஷாட்டும், நியூயார்க்கில் ரிங்கில் பட்டு ஆள் உயரம் எகிறி உள்ளே விழுந்த ஷாட்டும் வந்தன? அதை யாரும் சொல்வதில்லை.

இப்போது அந்த ஒரே வழி. வீட்டு விஷயத்தால் ஆள் ஆட்டத்துக்கே வரவில்லை என்றால் அது நிஜமான செய்தி. ஜ்ரூ ஹாலிடே 2016-இல் நியூ ஆர்லியன்ஸ் அணியில் இருந்தார். மனைவி லாரன், அமெரிக்காவுக்காகக் கால்பந்து உலகக் கோப்பை ஜெயித்தவர், கர்ப்பமாக இருந்தபோது மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. குழந்தை பிறந்து, பிறகு அறுவை சிகிச்சை. ஜ்ரூ கூடவே இருந்தார், சீசனின் முதல் 12 ஆட்டத்தில் இல்லை. அந்த 12-இல் அணி ஜெயித்தது இரண்டு. அவர் வந்த அன்றே அணி ஜெயித்தது. பந்தைக் கொண்டுபோகிற ஆளும் எதிரணியின் முக்கிய கார்டை (பந்தைக் கொண்டுபோகும் ஆட்டக்காரரை) காவல் காக்கிற ஆளும் ஒருவரே, அவர் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். அணிகள் வெளியிடுகிற காயப் பட்டியலில் "தனிப்பட்ட காரணம்" என்று ஒரு வரி வரும், உங்கள் நண்பர் இன்ஸ்டாகிராமை விட்டுவிட்டு அந்த வரியைப் பார்த்தால் போதும்.

வந்து ஆடுகிறவரின் துக்கம் வேறு மாதிரி. பாஸ்டனின் ஐசாயா தாமஸ் தங்கை 2017 ஏப்ரல் 15 அன்று கார் விபத்தில் இறந்தார். மறுநாள் பிளே-ஆஃபின் முதல் ஆட்டம். அழுதுகொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் இறங்கி 33 புள்ளி எடுத்தார். பாஸ்டன் தோற்றது, அதுவும் எட்டாவது இடத்தில் வந்த சிகாகோவிடம். மே 2, தங்கையின் பிறந்தநாள், வாஷிங்டனோடு ஆட்டம், 53 புள்ளி, ஓவர்டைமில் வெற்றி. இரண்டு நாளும் அதே மனிதர், அதே துக்கம். முதல் நாள் சிகாகோ ரீபவுண்டை வாரிக்கொண்டு போனது, அவ்வளவுதான் வித்தியாசம். இதை எழுதும்போதுகூட எனக்குக் கணிப்பு பற்றிப் பேச மனம் வரவில்லை.

கொரோனா காலத்தில் ஓர்லாண்டோவில் அத்தனை அணிகளையும் ஒரே வளாகத்துக்குள் பூட்டி ஆடவைத்தார்களே, குடும்பம் இல்லாமல் வாரக்கணக்கில். கிளிப்பர்ஸின் பால் ஜார்ஜ் மனது சோர்ந்துபோனதை வெளிப்படையாகவே சொன்னார். முதல் சுற்று முடியும் சமயத்தில்தான் குடும்பங்களை உள்ளே விட்டார்கள், ஜிம்மி பட்லர் மாதிரி சிலர் இது வேலைக்கு வந்த இடம், வீட்டார் வேண்டாம் என்றார்கள். டென்வர் அந்த வருஷம் 1-3 என்று பின்தங்கி இரண்டு தடவை மீண்டு வந்தது. யூட்டாவுக்கு எதிராக மீண்டது குடும்பங்கள் வருவதற்கு முன் தொடங்கியது, கிளிப்பர்ஸுக்கு எதிராக மீண்டது வந்த பிறகு. எந்தப் பக்கம் சேர்ப்பது? மூன்று வருஷத்துக்கு ஒரு கணக்கு என்று பர்மாவுக்கும் மலாயாவுக்கும் தனியாகக் கப்பலேறிய ஆட்கள் வீடு நம் பக்கம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது, பிரிவு மனிதனை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதை வைத்து நாளைய ஸ்கோரைச் சொல்ல முடியாது.

அப்படியானால் குடும்பத்தைப் பற்றி ஏன் படிக்கிறேன்? படிக்காமல் இருக்க முடியாது, அதனால். காலையில் பட்டாலையில் உட்கார்ந்து போனில் ஆட்டம் பார்க்கும்போது எங்கள் வீட்டுப் பெரிய ஆச்சி எட்டிப் பார்த்துக் கேட்பது ஸ்கோரை இல்லை, "இது ஆரு வீட்டுப் பிள்ளை?" என்றுதான். ஊர், கோயில், விலாசம் மூன்றும் தெரியாமல் ஓர் ஆளை எங்கள் பக்கம் ஆளாகவே ஏற்றுக்கொள்வதில்லை. அந்தக் கேள்விக்கு என்.பி.ஏ.வில் நல்ல பதில்கள் இருக்கின்றன. ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் ஓடி வந்து சட்டென்று நின்று ஆளை வழுக்க விடுகிறாரே, அம்மா 1992 ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடியவர். விக்டர் வெம்பன்யாமாவின் அப்பா மும்முறை தாண்டும் வீரர், அம்மா கூடைப்பந்து கோச். யானிஸ் வீட்டில் காசு இல்லை, ஏதென்ஸ் தெருவில் கைக்கடிகாரமும் கண்ணாடியும் விற்ற பிள்ளைகள், அண்ணன் தனாசிஸும் அவரும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டு ஆடியிருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டெல் கரி செய்த காரியம். ஸ்டெஃபன் பள்ளியில் படிக்கும்போது சின்னப் பையன், இடுப்பிலிருந்து பந்தைத் தூக்கி எறிவார், உயரமான பையன்கள் தட்டிவிடுவார்கள். ஒரு கோடை முழுக்க அப்பா அவர் ஷாட்டை உடைத்துத் தலைக்கு மேலிருந்து போடக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கோடையில் பையனுக்கு ரிங்கைவிட்டுத் தள்ளி நின்றால் பந்து விழவில்லை, அழுகை. முழங்கை உள்ளே, மணிக்கட்டு பின்னால், மறுபடி, மறுபடி. அதன் பிறகும் பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடவில்லை, டேவிட்சன் என்கிற சின்னக் கல்லூரிக்குத்தான் போனார். வீட்டில் கூடைப்பந்து தெரிந்த அப்பா இருந்ததன் பலன் இது, அது பல வருஷம் கழித்துத்தான் தெரியும்.

நம் பக்கம் குடும்பத்தின் வேலை இன்னும் நேரடியானது, பையன் ஆடுவதா வேண்டாமா என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் பந்து அலமாரி மேலே ஏறிவிடும். தப்பிப் பிழைக்கிறவர்களுக்கு இருக்கிற பெரிய கனவு வங்கி வேலை, சென்னையில் ஐ.ஓ.பி.யும் (இந்தியன் ஓவர்சீஸ் வங்கி) இந்தியன் வங்கியும் மோதுகிற ஆட்டத்தில் ஆடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு என்பதைத்தான் பையன்கள் வீட்டில் எடுத்துச் சொல்வார்கள். ஐ.ஓ.பி. 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்த வங்கி என்பதால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தப் பெயர் சொன்னால் கொஞ்சம் இளகும்.

அண்ணன் தம்பி பாசத்தைக் கணக்கில் சேர்க்கலாம் என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்து சிமெண்ட் கோர்ட்டில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு சகோதரர்கள் ஒரே அணி. அண்ணன் பந்தை வலது பக்கம் கொண்டுபோவான், ரிங்கைப் பார்ப்பது போலத் தலையைத் தூக்குவான், ஆனால் கண் இடது மூலையில் நிற்கிற தம்பியைத் தேடும். முதல் பாதியில் தம்பிக்குப் பந்து வந்துகொண்டே இருந்தது, கோர்ட் ஓரத்தில் அப்பா நின்று "ஷூட் பண்ணுடா" என்று தொண்டை கிழியக் கத்தினார். இடைவேளையில் எதிரணிப் பையன் ஒருவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான், "அவன் தம்பிக்குத்தாண்டா போடுவான், நடுவுல நில்லு." இரண்டாம் பாதியில் அந்தப் பாஸ் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. பாசம் எதிரிக்கும் கண்ணில் படும்.

சரி, வரப்போகிற ஆட்டங்களுக்கு வருவோம். முதலில் காயப் பட்டியல். அடுத்து, அணி நேற்றும் ஆடியதா, ஆடியது எந்த ஊரில். 82 ஆட்டத்தில் 41 வெளியூர், அடுத்தடுத்த இரண்டு நாள் ஆட்டம் வந்தால் இரண்டாவது நாளில் வயதான ஆட்டக்காரரை உட்கார வைத்துவிடுவார்கள், அல்லது ஆடினாலும் நான்காவது குவார்ட்டரில் ஷாட் எல்லாம் ரிங்கின் முன் விளிம்பில் படும், காலில் வலு இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். டென்வரில் ஆட்டம் என்றால் இன்னும் மோசம், 1,600 மீட்டர் உயரம், வந்த அணிக்கு மூச்சு வாங்கும்.

டென்வரும் ஓக்லஹோமாவும் மோதும்போது யோகிச் எத்தனை புள்ளி எடுப்பார் என்று பார்க்க வேண்டாம், அவர் மேல் நிற்பது யார் என்று பாருங்கள். 2025 இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் ஓக்லஹோமா 211 செ.மீ. யோகிச் மேல் 196 செ.மீ. அலெக்ஸ் கருசோவைப் போட்டது. கருசோ பந்து வருவதற்கு முன்பே முன்னால் போய் நின்று, கையை நீட்டி, இடுப்பால் தள்ளி, பாஸ் வரும் வழியையே அடைத்தார். யோகிச் 20 புள்ளி, ஆட்டம் 125-93. கருசோ காயப் பட்டியலில் இருந்தால் நான் டென்வர் பக்கம், இல்லாவிட்டால் ஓக்லஹோமா. சான் அன்டோனியோ வந்தால் கேள்வி வேறு, அவர்களின் வெம்பன்யாமா மேல் ஓக்லஹோமாவின் ஹார்டன்ஸ்டைன் நின்று, அதே அணியின் இன்னொரு உயரக்காரர் ஹோம்கிரன் ரிங்குக்கு அருகில் உதவிக்கு நிற்கிறாரா, அல்லது ஹோம்கிரனே வெளியே இழுக்கப்படுகிறாரா. இரண்டாவது நடந்தால் சான் அன்டோனியோ கார்டுகளுக்கு ரிங்கை ஒட்டிய சுலபமான ஷாட் கொட்டும்.

லெப்ரானும் மகன் ப்ரோனியும் சேர்ந்து இறங்குவதை வைத்து எதையும் கணிக்க வேண்டாம். 2024 அக்டோபர் 22 அன்று முதல் தடவை இறங்கியபோது சேர்ந்து ஆடியது சில நிமிடம். வரலாறுதான், எனக்கும் கண் கலங்கியது, ஸ்கோருக்கு அதனால் ஒன்றும் இல்லை.

கடைசியாக நீங்கள் கேட்ட ஷாய், நிகீல் அலெக்சாண்டர்-வாக்கர் விஷயம். ஒன்றுவிட்ட சகோதரர்கள், பள்ளிப் படிப்புக்காக ஒரே வீட்டில் தங்கி வளர்ந்தவர்கள். 2025 மேற்கு இறுதியில் நிகீல் மினசோட்டாவுக்காக ஷாயைக் காவல் காத்தார், ஷாய் சராசரியாக 30-க்கு மேல் எடுத்தார், ஓக்லஹோமா 4-1. அந்தக் கோடையில் நிகீல் அட்லாண்டாவுக்குப் போனார். கிழக்கு அணியும் மேற்கு அணியும் சீசனில் இரண்டு தடவைதான் மோதும், ஒன்று இங்கே ஒன்று அங்கே. அந்த இரண்டு நாளும் நிகீல் ஷாய் மேல் நிற்பார், நன்றாகவும் நிற்பார், ஆனாலும் ஷாய் எதிராளியின் ஃபவுலால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் போடும் ஷாட்) போட லைனுக்குப் போய்க்கொண்டே இருப்பார். அட்லாண்டா அதற்கு முந்தின நாள் ஆடாமல் ஓய்வில் இருந்தால் மட்டும் யோசியுங்கள், இல்லாவிட்டால் ஓக்லஹோமா என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.